ஏற்காட்டுக்கு எதுக்குப்பா பாஸ்போர்ட்?

என் ஆசை அப்பாவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் மேல் எனக்குக் கோபம். செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிற யாரும் உன்னை மாதிரி ஓர் அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறந்தவர்கள் இல்லை. எட்டு மாதமாக மனசுக்குள்ளேயே உன்னோடு சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அதனால் எழுதுகிறேன். அதுவும் ஒட்டாத கவரில், எல்லாரும் படிக்கிற மாதிரி. நீ எதையும் காதும் காதும் வைத்த மாதிரி செய்கிற ஆள். அதனால் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை நாலு பேர் கேட்கச் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

இங்கே என்ன நடக்கிறது என்று கேட்பாய். கடை நடக்கிறது. ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் இன்னும் செங்கம் ரோட்டில் நம் கடையில்தான் வாடகை சைக்கிள் எடுக்கிறார்கள். அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள். ஆமாம், சைக்கிள் ஓட்டவே தெரியாத உன் பெண்டாட்டிதான். பக்கத்துக் கடையில் பை, பெட்டி தைக்கிற பஷீர் பாய் சொல்லச் சொல்ல பஞ்சர் ஒட்டப் பழகினாள். முதல் மாதம் அவள் ஒட்டியதெல்லாம் தெருமுனை தாண்டுவதற்குள் புஸ்ஸென்று போனது. இப்போது பாயே தன் சைக்கிளை அவளிடம்தான் கொடுக்கிறார்.

உன் கண்ணீர் அஞ்சலி பேனர் நினைவிருக்கிறதா? உனக்கு எப்படி நினைவிருக்கும்! பிரபு அண்ணன் கல்யாணத்தில் நீ பந்தி விசாரித்துக்கொண்டு நின்ற போட்டோவை வெட்டி எடுத்து, கழுத்தில் கம்ப்யூட்டர் மாலை போட்டு, ரோட்டு முக்கில் பத்தடிக்குக் கட்டினார்கள். மழை பெய்தால் இப்போது அதைத்தான் அம்மா சைக்கிள்கள் மேல் போர்த்துகிறாள். உன் முகம் உள்பக்கம் இருக்கிற மாதிரி பார்த்துத்தான் போர்த்துவாள்.

அந்த பேனரில் உன் படத்துக்குக் கீழே 'துயரத்துடன்' என்று போட்டுப் பதினோரு பெயர் இருக்கிறது. பெரியப்பா பெயர், அவர் பிள்ளை பிரபு அண்ணன் பெயர், மற்ற பங்காளிகள் பெயர், நீ வாழ்நாளில் ரெண்டு தடவை பார்த்திருக்கக்கூடிய ஒரு வட்டச் செயலாளர் பெயர். அம்மா பெயர் இல்லை. என் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன். "பொம்பளைங்க பேரு போடறது பழக்கமில்லம்மா" என்றார் பெரியப்பா. துயரம் யாருக்கு என்று நீயே சொல், அப்பா. அந்த வட்டச் செயலாளருக்கா?

பேனரையாவது விட்டுவிடலாம். அன்றைக்கு நடந்ததை நீ பார்த்திருக்க மாட்டாய். கண்ணை மூடிப் படுத்திருந்தாய். கார்த்திகை தீபம் முடிந்து பத்தாம் நாள். மலை உச்சியில் கொப்பரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நான் குளித்து ஈரத்துணியோடு வந்து, கொள்ளிச்சட்டியை நான் தூக்குகிறேன் என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பெரியப்பா சட்டியைப் பக்கத்தில் நின்ற பிரபு அண்ணன் கையில் கொடுத்தார்.

"பொண்ணு அடுத்த வூட்டுக்குப் போறவ. அவ எப்பிடி பங்காளி ஆவா? கொள்ளி பிரபு வெப்பான். நீ உள்ள போம்மா."

தெருமுனை வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் பெண்கள் வரக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். மலைமேல் எரிகிற நெருப்பை ஊரே பார்க்கலாம், உனக்கு மூட்டிய நெருப்பை நான் மட்டும் பார்க்கக் கூடாது. அன்றைக்கு அழுததை விட அதிகமாக நான் பல்லைக் கடித்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

சரி, கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். உன் மேல் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன வருஷம் காலேஜ் நோட்டீஸ் போர்டில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நான் கடைக்கு ஓடிவந்த நாள். ஒரு கப்பல். அதில் வகுப்பறை, நூலகம், பல நாட்டுப் பிள்ளைகள். நூறு நாளுக்கு மேல் உலகத்தைச் சுற்றிக்கொண்டே படிக்கலாம், துறைமுகம் துறைமுகமாக இறங்கி ஊர் பார்க்கலாம், தேர்வானால் எல்லாச் செலவும் அவர்களே. நீ ரிம்மைச் சுற்றிவிட்டு, கோணல் பார்த்தபடியே கேட்டாய்: "கப்பல்ல பெஞ்சு போட்டா ஆடாதா?" அவ்வளவுதான் உன் சந்தேகம். மறுநாளே பிரௌசிங் சென்டரில் நான் விண்ணப்பம் நிரப்ப, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். ஒரு எழுத்து புரியாமல் மூன்று மணி நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்ததும் சொன்னாய், "யார்கிட்டயும் மூச்சு விடாத. கையில டிக்கெட்டு வரட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

உன் பயம் எனக்குப் புரிந்துதான் இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சென்னையில் காலேஜ் இடம் கிடைத்தபோது நீ லட்டு வாங்கிக்கொண்டு முதல் ஆளாகக் கீழ்பென்னாத்தூருக்குத்தான் போனாய், உன் அண்ணனிடம் சொல்ல. போனபோது இருந்த முகம் வரும்போது இல்லை. "பொண்ணுக்கு எதுக்கு மெட்ராஸ்" என்று அவர் கேட்டாராம். நீ பதிலே பேசாமல் வந்துவிட்டாய். ஒரே சாயங்காலத்தில் என் சென்னை முடிந்துபோனது. உள்ளூர்க் காலேஜில் சேர்ந்தேன். அன்றைக்கு நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதனால் இந்தத் தடவை வீட்டாட்கள் யாருக்கும் தெரியக் கூடாது என்று முடிவு பண்ணினாய். அது சரி. ஆனால் அம்மாவுக்குமா? அவளிடம் நீ என்ன சொன்னாய்? "காலேஜ் டூரு. மூணு நாளு. ஏற்காடு."

அவள் உடனே போய் எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள், அரக்கு நிறத்தில், ரெண்டு சைஸ் பெரிதாக. அப்புறம் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. நீ கொஞ்சமும் அசரவில்லை. "இப்பல்லாம் காலேஜ் டூருக்குக்கூட போலீஸ் வந்து விசாரிக்கறாங்க. பொம்பளப் புள்ளைங்க பாதுகாப்புக்கு" என்றாய். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்புறம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். காலையில் கடை திறந்தவன் மத்தியானம் இல்லை. எனக்கு இடம் கிடைத்தது என்ற கடிதம் மாசி மாதம் வந்தது.

அதை நான் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உலகத்தைச் சுற்றுகிற கப்பல், செப்டம்பரில் கிளம்புகிறது, அப்பாதான் கூட இருந்து எழுதச் சொன்னார் என்றேன். அவள் பம்பை அப்படியே கீழே வைத்தாள்.

"அவரு எங்கிட்ட ஏற்காடுன்னாரு."

"அது சும்மா சொன்னதும்மா."

"இருவத்திமூணு வருசத்துல என்கிட்ட அவரு பொய் சொன்னதில்ல. போனவரு வந்து கேக்க மாட்டாருனு அவரு மேல பழி போடாத, உண்ணாமலை."

அப்பா, அந்த ஒரு வார்த்தைக்கு நான் உன்னை மன்னிக்கவே போவதில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். கொள்ளிச்சட்டி கிடைக்காதபோதுகூட இப்படி வலிக்கவில்லை. என் அம்மா என்னைப் பொய்க்காரி என்றாள், அதுவும் உன் பெயரை வைத்து. நீ எனக்குச் சரி சொன்னதற்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சி இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கக் கூடாதா? சைக்கிளுக்கெல்லாம் மட்கார்டில் பெயிண்டால் நம்பர் எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு வரி எழுத வராதா?

கப்பல்காரர்கள் தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட்ட சம்மதத் தாள் கேட்டார்கள். சித்திரை முடிவதற்குள் அனுப்பாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கவும் முடியாது. அம்மா ஒரே பிடியாக நின்றாள், பெரியப்பா சொன்னால் போடுகிறேன் என்று. எங்கே முடியக் கூடாது என்று நீ பயந்தாயோ அங்கேயேதான் கொண்டுபோய் விட்டாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே, பெரியப்பாவும் பங்காளிகள் நாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். நீ டியூப் தேய்க்கிற ஸ்டூலில்தான் பெரியப்பா உட்கார்ந்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. டீ வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"படிக்கறத யாரும் வேணாங்கல. ஆனா வருசம் திரும்பல. பெத்தவன் செத்து ஒரு வருசம் ஆவாம கடல் தாண்டக் கூடாது. பண்டிகையே இல்லன்னு இருக்கறோம். மலை சுத்தக்கூடப் போவல. தீட்டு வூட்டுல இருந்துக்கினு கப்பல் ஏறுவியா?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது, அப்பா. "அன்னிக்கு நான் அடுத்த வூட்டுக்குப் போறவ, பங்காளி இல்லன்னீங்க. கொள்ளி வெக்க நான் ஆள் இல்ல. இன்னிக்குத் தீட்டு மட்டும் எனக்கு எப்பிடிப் பெரியப்பா வந்துது?" என்று கேட்டேன்.

ஐந்து பேரும் டீயை எடுத்து உறிஞ்சினார்கள். சரி, ஆரம்பித்தாகிவிட்டது என்று மிச்சத்தையும் கேட்டேன். "கொள்ளி வெச்ச பிரபு அண்ணன் போன மாசம் துபாய் போச்சே. அது கடல் தாண்டலயா?"

பெரியப்பா அசரவேயில்லை. இதற்குப் பதிலை வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார் போல.

"அவன் ஃப்ளைட்ல போனான். ஆகாசத்துல போனா கடல் தாண்டின கணக்குல வராது. கால்ல கடல் படல இல்ல? நீ மூணு மாசத்துக்கு மேல கடல் மேலயே இல்ல இருக்கப் போற!"

இதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஐந்து பேரும் தலையை ஆட்டினார்கள். கப்பல் எங்கிருந்து கிளம்புகிறது என்று ஒருவர் கேட்டார். வெளிநாட்டுத் துறைமுகம், அங்கே வரை விமானத்தில்தான் போக வேண்டும் என்றேன். "அப்ப சரி. ஃப்ளைட்டு வரைக்கும் போயிட்டு வா. கப்பல்ல ஏறாத" என்றார் அந்த மனுஷர், பெரிய வழி கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு. நீ இருந்திருந்தால் எழுந்து கடைக்குள்ளே போய், சிரிப்பை அடக்க முடியாமல் பம்பை அடித்துக்கொண்டிருந்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் இவர்கள் என் சென்னையைப் பிடுங்கினார்களா என்று வயிறு எரிந்தது.

அப்புறம்தான் அவர் அதைச் சொன்னார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாம் வுடு. ஏழுமல உசுரோட இருந்தா இதுக்கு வுட்டிருப்பானா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விட்டார், அவர்தான் என்னை அனுப்பினார் என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் யார் நம்புவார்கள்? என் அம்மாவே நம்பவில்லை.

அப்போது பக்கத்துக் கடையில் மெஷின் நின்றது. பஷீர் பாய், கையில் பாதி தைத்த பை வாரோடு வந்து எங்கள் கொட்டகை ஓரத்தில் நின்றார்.

"பேச்சுல குறுக்க வர்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. வுட்டிருப்பானாவா? அவன் வுட்டாச்சு. கப்பல்ல போறதுக்கு எந்த மாதிரி பொட்டி எடுத்தா தண்ணி உள்ள பூராதுன்னு என்னைத்தான் கேட்டான். பாய், உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், வெளிய வுட்றாதன்னான். அதனாலதான் இத்தினி நாளு வாயத் தொறக்காம இருந்தேன்."

அத்தோடு முடியவில்லை. எதிரே கூடை வைத்திருந்த பூக்காரக் கன்னியம்மா, மூன்று முழம் பூவைக் கையில் அளந்தபடியே ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"இன்னாது பாய், உன்கிட்ட மட்டும் சொன்னாரா? என்கிட்ட இல்ல சொன்னாரு! நம்பளாம் மலைய சுத்தறோம் கன்னிம்மா, எம்பொண்ணு பூமியவே கிரிவலம் வரப் போறான்னாரு. சாமி சத்தியமா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சு வேற வாங்கினாரு."

டீ கிளாஸ் எடுக்க வந்த டீக்கடை மாஸ்டர் அப்படியே நின்றார். அவரிடமும் நீ சொல்லியிருந்தாய். அவரிடமும் 'உன்கிட்ட மட்டும்தான்'. அதற்குள் ஏழாம் நம்பர் சைக்கிள் எடுக்கும் அந்த வயசான வெள்ளைக்காரர் சைக்கிளை நிறுத்த வந்தார். கூட்டத்தைப் பார்த்து முழித்தார். யார் வாயிலோ 'ஷிப்பு' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்துபோனது. என்னைக் காட்டி, "டாட்டர்! பிக் ஷிப்!" என்றார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டார், ரகசியம் என்று.

அப்பா, உன்னை என்ன சொல்லித் திட்ட? வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று, செங்கம் ரோடு முழுக்க ஆள் ஆளாகக் கூப்பிட்டு ரகசியம் சொல்லியிருக்கிறாய். அவர்களும் கடவுளே என்று, நீ போன பிறகும் நான்கு மாதம் அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். தினமும் அந்த ரோட்டில் தலை குனிந்து நடந்தேனே, ஒருத்தர் வாய் விட்டிருந்தால் எனக்கு அந்த ரெண்டு மாதம் தூக்கம் வந்திருக்கும்.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். ஆனால் அன்றைக்கு வெடித்தது அவர் இல்லை. அம்மா. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"பூக்காரிக்குத் தெரியும். டீக்கடைக்குத் தெரியும். தமிழ் தெரியாத வெள்ளக்காரனுக்குத் தெரியும். கட்டிக்கினு வந்தவளுக்கு மட்டும் ஏற்காடு! ஏற்காட்டுக்கு எதுக்குய்யா பாஸ்போர்ட்டுனு கேக்கத் தெரியாத கூமுட்டயா நானு? ஸ்வெட்டரு வாங்கினு வந்து மடிச்சு வெச்சேனே, அப்பவாவது சொன்னாரா இந்த மனுசன்?"

அவள் யாரையும் பார்த்துப் பேசவில்லை. சைக்கிள்களின் மேல் மடித்துப் போட்டிருந்த பேனரைப் பார்த்து, உன்னைப் பார்த்துத்தான் பேசினாள். நீ செத்ததிலிருந்து அவள் அப்படி வாய்விட்டு அழுததும் இல்லை, திட்டியதும் இல்லை. ரெண்டையும் சேர்த்து அன்றைக்குத்தான் செய்தாள். என்னிடம் திரும்பினாள்.

"உன்னைய பொய் சொல்றன்னு சொன்னேன் பாரு, அத மனசுல வெச்சுக்காத. எங்கடி அந்த பேப்பரு?"

கையைத் துடைக்கக்கூட இல்லை. பஞ்சர் சொல்யூஷன் ஒட்டிய விரலோடு கையெழுத்துப் போட்டாள், எழுத்துக் கூட்டி, நிதானமாக, முழுப் பெயரையும். தாளின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் கருப்பாக விழுந்தது. அதைத் திரும்பப் பிரிண்ட் எடுக்கலாம் என்று பிரௌசிங் சென்டரில் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

பெரியப்பா எழுந்தார். அவரை நான் ரொம்ப மோசமாகக் காட்டிவிட்டேனோ என்று எழுதும்போது தோன்றுகிறது. போகிற சமயத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டார், சண்டைக்கு இல்லை, நிஜமாகவே கவலையோடு.

"திதி வர்ற அன்னிக்கு நீ நடுக்கடல்ல இருப்ப. காக்காய்க்குச் சோறு வெக்க எங்கம்மா போவ?"

பிரபு அண்ணன் வருமா என்று கேட்டேன். "லீவு கெடச்சா வருவான்" என்றார். லீவு கிடைத்தால்! கொள்ளி வைத்தவருக்கு லீவு கிடைத்தால்தான் உனக்குத் திதி. உள்ளே இருந்து அம்மா குரல் கொடுத்தாள். "அவரு திதிய நான் பாத்துக்கறேன் மாமா. நீங்க பஸ்ஸ வுட்றாதீங்க."

இதெல்லாம் நடந்து நாலு மாதம் ஆகிறது. இன்னும் மூன்று வாரத்தில் நான் கிளம்புகிறேன். பெட்டி பஷீர் பாய் பார்த்துக் கொடுத்தது, தண்ணீர் பூராது. அம்மாவின் ஏற்காட்டு ஸ்வெட்டர்தான் அதில் முதலில் போய் உட்கார்ந்தது. கப்பல் போகிற பாதையில் குளிர் கடலும் உண்டாம், அதனால் அவள் வாங்கியதும் வீண் போகவில்லை. நீ கடலைப் பார்த்தது பாண்டிச்சேரியில் ஒரே ஒரு தடவை. புதுச் செருப்பு நனைந்துவிடும் என்று மணலிலேயே நின்றுவிட்டாய். கப்பல் ஆடும்போது எனக்கு வாந்தி வருமா, வகுப்பில் அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் புரியுமா, பெஞ்சை ஆடாமல் எப்படித்தான் கட்டிவைத்திருப்பார்கள்? பயமாகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் உன்னிடம் கேட்டிருந்தால், தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு பதில் சொல்லியிருப்பாய்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. பூக்காரியிடம் அவ்வளவு பெருமையாகச் சொல்லத் தெரிந்த உனக்கு, உன் அண்ணன் முன்னால் நின்று 'எம்பொண்ணு போவா' என்று ரெண்டு வார்த்தை சொல்ல ஏன் வாய் வரவில்லை? அம்மாவை நம்பியிருந்தால் அவள் உனக்கு முன்னால் நின்று சண்டை போட்டிருப்பாள் என்று உனக்கு ஏன் தெரியாமல் போனது? இருபத்துமூன்று வருஷம் கூட வாழ்ந்தவன் நீ. இப்போது எனக்குத் தெரிகிறது. நீ பார்க்காமல் போய்விட்டாய்.

போன வாரம் கப்பல்காரர்கள் பயணிகள் பட்டியல் அனுப்பினார்கள். அதில் என்னைத் தேடினேன், என் பெயர் இல்லை. பேனர் ஞாபகம் வந்தது. அப்புறம்தான் கவனித்தேன், அவர்கள் குடும்பப் பெயரை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது உன் பெயர். 'ஏழுமலை, உண்ணாமலை' என்று இருந்தது. பேனரில் உன் பெயருக்குக் கீழே என்னைப் போட நம் பங்காளிகளுக்குப் பழக்கமில்லை. கப்பல்காரர்களோ உன்னை முதலில் போட்டுவிட்டுத்தான் என்னைப் போட்டிருக்கிறார்கள். கப்பலில் என்னை உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். தினமும் வருகைப் பதிவுக்கு யாரோ ஒருவர் "ஏழுமலை" என்று சத்தமாகக் கூப்பிடுவார், நான் எழுந்து நிற்பேன்.

அதனால் உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான். உன் திதியன்று கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும், என் தட்டிலிருந்து ஒரு பிடிச் சோறு எடுத்து மேல்தளத்துக்குப் போவேன். காக்காய் இருக்காது, எனக்குத் தெரியும். வேறு எந்தப் பறவை வந்தாலும் வரட்டும், வராவிட்டால் தண்ணீரில் போடுகிறேன். உனக்குத் தண்ணீர் பட்டால் பிடிக்காது, ஒரு நாள் பொறுத்துக்கொள். அதே நாளில் இங்கே அம்மா படைப்பாள். எந்தப் பெரியப்பாவையும் கேட்க மாட்டோம், யார் லீவுக்கும் காத்திருக்க மாட்டோம். இறங்குகிற ஊரில் எல்லாம் நீ யார் என்று சொல்வேன், ஆனால் யார் காதிலும் ரகசியமாகச் சொல்ல மாட்டேன். பூமியைச் சுற்றி முடித்துக் கிளம்பின இடத்துக்கே, நம் கடை வாசலுக்கே வந்து நிற்பேன். அன்றைக்கு அந்த பேனரைத் திருப்பிப் போட்டு, நீ நம்பர் எழுதுகிற பிரஷ்ஷாலேயே அம்மா பெயரைப் பெரிதாக எழுதுவேன். என் பெயரை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

துயரத்துடன், உன் மேல் தீராத கோபத்துடன்,
செங்கம் ரோடு சைக்கிள் கடை ஏழுமலையின் ஒரே மகள்,
உண்ணாமலை